சோம்பல் என்று நாங்கள் பெயர் வைத்தது

அண்ணியின் சுட்டுவிரல் நுனியில் ஒரு பட்டு இழை மாட்டிக்கொண்டது. அவள் விரலை மெல்ல விலக்கினாள். இழையும் கூடவே வந்தது. இன்னொரு கையால் எடுத்துவிடப் போனாள். அந்தக் கையிலும் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் பலமாக உதறினாள், இழை அறுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே, "கையா அது, அரமா? எந்திரிச்சிப் போ" என்றாள். அண்ணி எழுந்தாள். எழுவதற்கே அவளுக்கு நேரம் பிடித்தது. தரையில் ஒரு கையை ஊன்றி, முழங்காலில் ஒரு கையை ஊன்றி, பெருமூச்சு விட்டு எழுந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. எனக்குப் பதினைந்து. நான் சிரித்தேன். 1966இல் சிரித்த அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறது.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் எங்கள் வீடு. நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவும் அண்ணனும் ஒரே தறியில் உட்காருவார்கள்; உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். பெண்களுக்கு நூல் சுற்றும் வேலை, அதைவிட முக்கியமாகப் பிணைக்கும் வேலை. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு ஒன்று தீர்ந்ததும் அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்தால்தான் முடியும். அதற்கு உட்காருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் கை பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு கழிவுப் பட்டு இழையை உள்ளங்கையிலும் விரல்களிலும் இழுத்துப் பார்ப்பார்கள். வழுக்கிக்கொண்டு போனால் உட்காரலாம். மாட்டினால் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போக வேண்டியதுதான். பாத்திரம் தேய்த்த கை, புளி கரைத்த கை, களை பிடுங்கிய கை என்று மாட்டுகிற விதத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுவாள். கையைப் பற்றி அவ்வளவு தெரிந்த வீடு அது. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு உடம்பு இருப்பதுதான் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அண்ணி திருப்புட்குழிக்காரி. அவளுடைய அப்பாவும் தறிக்காரர்தான். 1963இல் கல்யாணமாகி வந்தபோது அவளைப் போலச் சுறுசுறுப்பான பெண்ணை எங்கள் தெரு பார்த்ததில்லை. அம்மாவே சொன்னாள், "மருமவ கை ராட்டயவிட வேகமா ஓடுது." தெருக்கோடியில் தண்ணீர்க் குழாயடியில் அவள் பேசினால் வீட்டுக்குள் கேட்கும். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குத் தலை பின்னிவிட்டு, அடுத்த நிமிடம் அடுப்பைப் பார்த்து, அதற்கடுத்த நிமிடம் தறிக்குப் பக்கத்தில் நின்று அண்ணனைக் கிண்டல் செய்துகொண்டிருப்பாள்.

அவள் ஒரே நாளில் மாறியிருந்தால் நாங்கள் பயந்திருப்போம். மூன்றாவது வருஷத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் பயம் வராத வேகத்தில் மாறினாள். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொள்ள எங்களுக்கு வசதியாகப் போயிற்று. முகம் உப்பியது, தின்றுவிட்டுத் தூங்குகிறாள் என்றோம். உண்மையில் அவள் சாப்பிட்டது நாங்கள் சாப்பிடுவதில் பாதி. சித்திரை வெயிலில், நைனா வேர்வை சொட்டச் சொட்டத் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்காருவாள்; பாசாங்கு என்றோம். சீப்பில் முடி கொத்தாக வந்தது; எண்ணெய் வைப்பதில்லை என்றோம். புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்து பாதியாக நின்றது. அதைப் பார்க்கவே இல்லை. குரல் கரகரத்து ஆண்குரலாகிவிட்டது. திமிராகப் பேசுகிறாள் என்றோம். ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அலட்சியம் என்றோம். கழுத்து லேசாகப் புடைத்திருந்தது. அதற்கு மட்டும் பாராட்டு கிடைத்தது. "கழுத்து நெறவா இருக்குதுமா, அட்டிகை போட்டா எடுப்பா இருக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சொன்னாள். வியாதியைப் பார்த்து நகை யோசனை சொன்ன ஊர் எங்களுடையது.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு. வீட்டுக்குத் தூரமான பெண் பட்டைத் தொடக்கூடாது, தறிப்பக்கம் வரக்கூடாது. மூன்று நாள் கணக்கு. அண்ணிக்கு மூன்று நாளில் நிற்கவில்லை. பத்து நாள், பன்னிரண்டு நாள் போயிற்று. நின்ற வாரமே மறுபடி வந்தது. அவள் முகம் வெளுத்து, உதடு வெளுத்து, பின்கட்டில் சாக்கின் மேல் சுருண்டு கிடந்தாள். ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து இவ்வளவு ரத்தம் போகிறதே என்று கேட்க வேண்டியவர்கள் கேட்ட கேள்வி வேறு. "வேலைக்கு பயந்துக்கினு தூரம்னு சொல்றாளா, நெசமாவே தூரமா?" என்று அம்மா என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னாள். நான் பார்த்துவிட்டு வந்து நிஜம்தான் என்றேன். அம்மாவுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. நான் மட்டும் என்ன யோக்கியம்? அவளுக்குக் கும்பகர்ணி என்று பெயர் வைத்தவளே நான்தான். அந்தப் பெயர் தெரு முழுக்கப் பரவியது. தெருப்பிள்ளைகள் அவளைக் கண்டால் குறட்டை விட்டுக் காட்டுவார்கள். அண்ணி அவர்களைத் திட்டக்கூட மாட்டாள். திட்டுவதற்கும் தெம்பு வேண்டும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் நல்லவனாக இருப்பது மட்டும் போதாத நேரங்கள் உண்டு. இரண்டு முறை நாட்டு மருந்து வாங்கி வந்தான். ஒரு முறை மந்திரித்து முடிச்சுப் போட்ட கயிறு வாங்கி வந்து கட்டினான். அதற்கு மேல் அம்மா சொன்னதே அவனுக்கும் வேதவாக்கு.

1967 கார்த்திகையில் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை அழவில்லை. பிறந்ததும் ஒரு முறை, தொண்டை கட்டிய குரலில், கத்தியதோடு சரி. பிறகு தூங்கியது. பாலுக்கு நாங்கள்தான் எழுப்ப வேண்டும். இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்கும். மஞ்சள் காமாலை ஒரு மாதம் வரை தெளியவில்லை. கை கால் தொட்டால் எப்போதும் சில்லிட்டிருக்கும். தொப்புள் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. வாயில் அடங்காத நாக்கு வெளியே எட்டிப் பார்க்கும். வெளிக்குப் போக நான்கு நாளாகும்.

இதற்கெல்லாம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? திருவிழா. கைக்குழந்தை வைத்திருந்த தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து பார்த்துப் பொறாமைப்பட்டுவிட்டுப் போனார்கள். "எங்க வூட்ல ஒண்ணு இருக்குது, ராத்திரி பூரா ஊரக் கூட்டுது. இது பாரு, தங்கம்" என்றாள் ஒருத்தி. குழந்தை தொந்தரவு செய்யாததால் தறி நிற்காமல் ஓடியது, அம்மா மகிழ்ந்துபோனாள். "எந்திரிக்கவே சோம்பப்பட்டாலும் பெத்தது நல்ல கொழந்தயா பெத்துட்டா" என்று இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணியைப் புகழ்ந்தாள். அண்ணியின் உப்பிய முகத்தில் அன்று ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. தாயையும் பிள்ளையையும் ஒரே வியாதி பிடித்திருந்தது. ஒருத்தியைத் திட்டினோம், ஒருத்தியைக் கொஞ்சினோம். இரண்டும் ஒரே முட்டாள்தனம்தான்.

அடுத்த வருஷம் நான் நர்ஸ் படிப்புக்கு மெட்ராஸ் போனேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் குழந்தையைப் பார்ப்பேன். ஒரு வயதில் தலை நிற்கவில்லை. இரண்டு வயதில் உட்கார்ந்தது. பல் ஒன்றிரண்டுதான். நிதானமாக வளர்கிற குழந்தை என்றார்கள். ஒரு கிழவர், "நிதானமா வளர்றது தான் நெலச்சி நிக்கும்" என்று பழமொழியைப் போலச் சொன்னார். பழமொழிகள் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு தலைமுறை யோசிக்காமல் இருக்க அவை எவ்வளவு உதவியாக இருக்கின்றன என்பதையும் பார்த்திருக்கிறேன்.

1970 ஆனி மாதம். வார்டில் பெரிய டாக்டரம்மா மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் நின்றேன். ஒரு பெண்ணை நாற்காலியில் முட்டிபோட வைத்து, பாதம் வெளியே தொங்க, குதிகாலுக்கு மேல் நரம்பில் சின்னச் சுத்தியால் தட்டினார். பாதம் வெடுக்கென்று அசைந்தது. திரும்பி வருவதற்கு மட்டும் யோசித்து யோசித்து வந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு மெதுவா எறங்குது?" என்றார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அண்ணி எப்படி இங்கே வந்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே உப்பிய கண்ணிமை, அதே பாதிப் புருவம், அதே மஞ்சள் பூத்த வெளுப்பு. வாயைத் திறந்தாள், அதே கரகரப்பு. இவள் திண்டிவனம் பக்கத்துக்காரி, அண்ணிக்கு எந்த உறவும் இல்லை. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி சரியாகச் சுரக்காவிட்டால் உடம்பு முழுக்க மந்தமாகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். தோல் வறண்டு சொரசொரப்பாகும் என்றார். குளிர் தாங்காது என்றார். மாதவிடாய் அதிகமாகும் என்றார். "இந்தப் பொண்ண வீட்ல சோம்பேறின்னு சொல்லி அடிச்சிருக்காங்க" என்றார்.

லீவு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். வந்த நேரம் அப்படி. ஆடி பிறக்கப் பத்து நாள் இருந்தது. அண்ணியை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பப் போவதாக அம்மா சொன்னாள். கல்யாணமான முதல் வருஷத்தில் பெண்ணை ஆடிக்கு அனுப்புவார்கள். ஏழாம் வருஷத்தில் யாரும் அனுப்புவதில்லை. அனுப்பிவிட்டு அழைத்துவரப் போகாமல் இருப்பார்கள், அதுதான் அர்த்தம். அண்ணனுக்கு வேறு பெண் பார்த்தாகிவிட்டது. அண்ணி மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"இது வியாதிமா. மெட்ராஸுக்கு கூட்டிக்கினு போவணும்" என்றேன்.

"சோம்பலுக்கு மாத்திர கண்டுபுடிச்சிட்டாங்களா? அப்படின்னா எனக்கும் நாலு வாங்கியா" என்றாள் அம்மா. நைனா தறியை நிறுத்தவே இல்லை. அண்ணனிடம் போனேன். "நீ கூட்டிக்கினு போவாட்டி நானே இட்டுனு போறேன். ஆனா நாளைக்கு நீ எந்த மூஞ்ச வச்சிக்கினு பேசுவ?" என்று கேட்டேன். அவன் அறுந்திருந்த ஓர் இழையைப் பிடித்து முடிந்தான். பிறகு, "காலைல பஸ்ஸுக்கு வரேன்" என்றான்.

டாக்டரம்மா அண்ணியின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்தார். அந்தக் கையை யாரோ ஒருவர் திட்டாமல் தொட்டது வெகுகாலத்துக்குப் பிறகு அன்றுதான். நாற்காலியில் முட்டிபோட வைத்துத் தட்டினார். ரத்தம் எடுக்கச் சொன்னார். "தெனம் ஒரு மாத்திரம்மா, ஆயுசு பூரா. ஆறு மாசத்துல உங்க வீட்ல உன்ன அடையாளம் தெரியாது" என்றார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் டாக்டரம்மாவின் பார்வை அண்ணியின் மடியிலிருந்த குழந்தைமேல் போனது. வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாக்கைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், காலை நீட்டிப் பார்த்தார்.

"பொறந்தப்போ எப்படிம்மா இருந்தா? அழுவாளா?"

"இல்லீங்கம்மா" என்றாள் அண்ணி பெருமையாக. "ரொம்ப நல்ல கொழந்த. அழவே மாட்டா."

டாக்டரம்மா குழந்தையைத் திருப்பித் தரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். இதே மாத்திரை குழந்தைக்கும் உண்டு, உயரம் வளரும், நடப்பாள், மலச்சிக்கல் போகும். ஆனால் மூளை வளர வேண்டிய மாதங்கள் போய்விட்டன. பிறந்த முதல் மாதத்திலேயே கொடுத்திருந்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருந்திருப்பாள். அண்ணிக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும் அந்த நாட்களில். அது மட்டும் உடனே புரிந்துவிட்டது. பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியதும் குழந்தையை மடியில் சரியாகப் படுக்க வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எல்லாரும் நல்ல கொழந்தன்னுதான சொன்னாங்க பாப்பா" என்றாள்.

ஆறு மாதம் வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் மாதமே போர்வையை மடித்து வைத்தாள். நான்காம் மாதம் குழாயடியில் அவள் குரல் கேட்டது. அடுத்த பாவு பிணைக்கும்போது அம்மா கை பார்க்க இழையை எடுத்தாள், வழுக்கிக்கொண்டு போயிற்று. அண்ணனுக்குப் பார்த்த பெண்ணைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை, பேசாமல் விட்டதே மன்னிப்பு கேட்டதற்குச் சமம் என்று நினைத்துக்கொண்டார்கள். குழந்தையும் வளர்ந்தது. நான்கு வயதில் நடந்தது, ஐந்தில் அம்மா என்றது. இரண்டாம் வகுப்பை மூன்று முறை படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டது. அண்ணனும் அண்ணியும் போன பிறகு அவள் என்னோடுதான் இருக்கிறாள். ஐம்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. கடைக்கு அனுப்பினால் இரண்டு சாமான் வரை நினைவிருக்கும், மூன்று சொன்னால் அழுதுவிடுவாள். இன்றைக்குப் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, சொட்டு ரத்தம் எடுத்து, இதைச் சில நாளில் சொல்லிவிடுகிறார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. கேட்டால்தான் சில இடத்தில். போன மாதம் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பிரசவம். டெஸ்ட் எடுத்தீர்களா என்றேன். பிஞ்சுக் காலில் போய்க் குத்துவதா என்று என்னைக் கோபித்துக்கொண்டார்கள். படித்தவர்கள். நான் வாசலை விட்டு நகராமல் உட்கார்ந்து எடுக்க வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

1978 தை மாதம் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஆறு வருஷ அனுபவமுள்ள நர்ஸ். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வெயிலில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். குழம்பில் உப்புப் போட்டதை மறந்து இரண்டாம் தடவை போட்டாள். கூப்பிட்டால் காதில் விழவில்லை. "வயசாவுதில்ல" என்றான் அண்ணன். நானும் தலையாட்டினேன். கிழவிகளுக்கு வருவதெல்லாம் வயசு, இளம் பெண்களுக்கு வருவதெல்லாம் சோம்பல், கைக்குழந்தைக்கு வருவதெல்லாம் நல்ல குணம். இத்தனை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

அண்ணிதான் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். "பாப்பா, அத்த என்ன திட்டி பதினஞ்சு நாள் ஆவுது. உடம்புல இன்னாவோ இருக்குது" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே அம்மாவை அவளே மெட்ராஸுக்கு அழைத்துப் போனாள். அதேதான். வயதானவள், இதயம் தாங்க வேண்டும் என்று கால் மாத்திரையில் தொடங்கினார்கள். அடுத்த நாள் காலையில் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி மாத்திரையை அரிவாள்மணையில் நாலாக நறுக்கி, ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து, தண்ணீரோடு கொண்டுவந்தாள். அந்தக் குழந்தை, இப்போது பத்து வயது, அண்ணியின் புடவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அண்ணி குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு நாலு வருசம் ஆச்சி அத்த. இவளுக்கு மூணு வருசம். உங்களுக்கு பதினஞ்சு நாள்."

அம்மா அவளைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டுத் தம்ளரை நீட்டினாள். சில மாதங்களில் தெளிந்து பழையபடி ஆனாள். பழையபடி திட்டவும் தொடங்கினாள். தன்னைப் பார்க்க வந்தவர்களிடம், "எனக்கு தைராய்டு வியாதி" என்று சொல்லிக்கொள்வாள். மருமகளுக்கு என்ன என்று யாராவது கேட்டால், "அவளுக்கும் அதுன்றாங்க" என்பாள். அதற்குமேல் சாகும் வரை ஒரு வார்த்தை இல்லை. கடைசி நாள் வரை அண்ணிதான் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். பெரிய மனசு என்று ஊர் அவளைப் புகழ்ந்தது. எனக்கு அந்தப் புகழ்ச்சியைக் கேட்டாலும் ஆத்திரம்தான் வருகிறது.